நான் கழித்துக்கொண்டிருந்த வெளிச்சம்

ஸ்ரீ கெம்பாங்கான் நகரில் பித்தளை வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். குடிநீர்க் குழாய்களுக்கான வால்வுகள் அங்கே தயாராகின்றன. உலையில் உருகிக் கிடக்கும் பித்தளையில் என்னென்ன உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நான் சரி என்று சொன்ன பிறகுதான் உலையைச் சாய்த்து அச்சில் ஊற்றுவார்கள்.

பார்க்கும் முறை எளிமையானது. உலையிலிருந்து ஒரு கரண்டி உலோகத்தை அள்ளி, சிறு வில்லையாக வார்த்து, ஆறவைத்து, ஒரு பக்கத்தைத் தேய்த்து மட்டமாக்கி என் அறைக்குக் கொண்டுவருவார்கள். அதை ஸ்பெக்ட்ரோமீட்டரின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்துவேன். ஆர்கன் வாயு சீறும். வில்லையின் மேல் மின்பொறி படபடவென்று அடிக்கும். அந்தச் சூட்டில் கொஞ்சம் உலோகம் ஆவியாகி ஒளிரும். செம்பின் அணுக்கள் தங்களுக்கென்று சில நிறங்களை மட்டுமே வெளிவிடும். துத்தநாகத்தின் அணுக்கள் வேறு சில நிறங்களை. கருவி அந்த ஒளியைப் பிரித்து, எந்த நிறக்கோடு எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று அளந்து, எண்களாகத் திரையில் காட்டும். அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

உலைக்குப் பொறுப்பானவர் கிள்ளானிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் உலை முன்னால் நின்றவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் என் கருவியின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. நான் சொல்லும் எண்களுக்குத் தலையாட்டிவிட்டு, உலையை ஒரு தடவை எட்டிப் பார்த்துத் தானே ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் கையை உயர்த்தி ஊற்றச் சொல்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்த முதல் வில்லையில் கருவி காரீயம் காட்டியது. தொழிற்சாலையில் அதை லெட் என்போம். குடிநீர்க் குழாயில் அது இருக்கவே கூடாது என்று சொல்லலாம். மிகச் சிறிய அளவுக்குத்தான் அனுமதி. திரையில் வந்த எண் அந்த அளவைப் போல நான்கு மடங்கு. இரண்டாவது தடவை பொறி அடித்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே எண்.

நான் வெளியே போய்ச் சொன்னபோது அண்ணன் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"மெஷின்ல என்னமோ கோளாறு தங்கச்சி. நேத்து அதே சரக்குதானே போட்டோம். ஒண்ணும் இல்லியே."

"நேத்து இல்லண்ணே. இன்னிக்கி இருக்கு."

"பாரு, ஒலைய நல்லாப் பாரு. எப்பவும் போலதானே இருக்கு. இருவது வருஷமா பாக்குறேன். சரக்கு தப்புன்னா எனக்குத் தெரியாதா?"

மேலாளர் தன் அறையிலிருந்து இறங்கி வந்தார். சீனர், பொறுமைசாலி, ஆனால் நின்றுபோன உலையைப் பார்த்தால் அவருக்கும் பொறுமை குறையும். பித்தளையை உருகிய நிலையில் அதிக நேரம் வைத்திருக்க முடியாது. துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் போய்க்கொண்டே இருக்கும்; ஒரு மணி நேரத்தில் சரக்கு வேறு சரக்காகிவிடும். அவர் என்னோடு ஆங்கிலத்திலும் அண்ணனோடு மலாயிலும் பேசுவார். எங்கள் இருவரையும் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். கருவி சரியாக இருக்கிறதா என்பது ஒன்றுதான் அவருடைய கேள்வி.

அதற்கு உடனே ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் இருந்தது. பொறி பட்ட இடம் வில்லையில் வெளுத்துப் போயிருந்தது. ஆர்கன் சுத்தமாக இல்லாதபோது அப்படி ஆகும். அப்போது கோடுகளுக்கு அடியில் இருக்கும் பொதுவான வெளிச்சம் உயர்ந்துவிடும். அதை நாங்கள் பின்னணி என்போம். பின்னணி கூடினால் இல்லாத ஒன்று இருப்பதுபோலத் தெரிய வாய்ப்பு உண்டு.

"பத்து நிமிஷம் குடுங்க" என்றேன்.

ஆர்கன் உருளையை மாற்றினேன். குழாயில் இருந்த பழைய வாயுவை வெளியேற்றினேன். புதிய வில்லை வார்க்கச் சொல்லி, நானே தேய்த்தேன். மறுபடி அடித்தேன். பொறி பட்ட இடம் இந்தத் தடவை கருவளையத்தோடு சுத்தமாக விழுந்தது. எண்களை ஒதுக்கிவிட்டு, நிறக்கோடுகளின் வரைபடமான நிறமாலையையே திரையில் திறந்தேன். பின்னணி பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் ஊதாப் பக்கத்தில், காரீயத்தின் கோடு விழவேண்டிய இடத்தில், ஒரு முள் நிமிர்ந்து நின்றது. காரீயத்துக்கு உரிய இன்னொரு இடத்தைப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது. வாயு அழுக்காக இருந்தால் பின்னணி உயரும். சரியாக இந்த இரண்டு இடத்திலும் முள் முளைக்காது.

"லெட் இருக்கு" என்று மேலாளரிடம் சொன்னேன். "எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை."

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அண்ணனிடம், வால்வு அச்சில் ஊற்ற வேண்டாம், கட்டிகளாக ஊற்றி ஒதுக்கி வையுங்கள், குடிநீருக்குப் போகாத வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். அண்ணன் கட்டி அச்சுகளை எடுத்துவரப் போனார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மறுநாள் வேலை தொடங்குவதற்கு முன்பே என் அறை வாசலில் நின்றார்.

"காட்டு தங்கச்சி. அந்த லெட்ட நீ எங்க பாத்த? எனக்குக் காட்டு."

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே பார்க்க விரும்பினார். என் மேசையில் விரல் நீளத்துக்கு ஒரு கைக்குழல் உண்டு. ஒரு முனையில் மெல்லிய பிளவு, மறுமுனையில் ஒளியைப் பிரிக்கும் தகடு. முதலில் அதை எடுத்துக்கொண்டு அவரை உலைக்குக் கூட்டிப்போனேன். உருகிய உலோகத்தின் பக்கம் குழலைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன்.

"வானவில்லு மாதிரி இருக்கு. செவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், கொஞ்சம் பச்சை."

"நடுவுல எங்கியாச்சும் இடைவெளி இருக்கா?"

"இல்ல. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு."

பிறகு சாமான் அறைக்குப் போனோம். அங்கே இன்னும் பழைய டியூப் லைட் மாட்டியிருந்தது. அதைப் பார்க்கச் சொன்னேன். குழாயின் உள்ளே இருக்கும் பாதரச ஆவியின் கோடுகள் தெரியும். அவர் வெகுநேரம் குழலைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"இங்க தனித்தனியா நிக்குது. பச்சையா ஒரு கோடு. ஊதா ஒண்ணு."

கடைசியாகத் திரையில் முந்தைய நாளின் நிறமாலையைத் திறந்து, செம்பு இது, துத்தநாகம் இது, இந்தச் சின்ன முள்தான் லெட் என்று விரலால் காட்டினேன். அவர் முள்ளைப் பார்த்தார். பிறகு அவருடைய விரல் திரையின் அடிப்பக்கத்துக்குப் போனது.

"இது என்ன? எல்லாத்துக்கும் கீழ மேடு மாதிரி ஓடுது. கோடுன்னா கோடு மட்டுந்தானே இருக்கணும்? நடுவுல இருட்டாத்தானே இருக்கணும்?"

"அது பின்னணி அண்ணே. அதக் கழிச்சிட்டுத்தான் கணக்குப் போடுவோம்."

"கழிக்கிறது சரி. அது என்னா வெளிச்சம்?"

பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு வில்லைக்கும் அதைக் கழித்திருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"தெரியலண்ணே" என்றேன். "பாத்துட்டு வந்து சொல்றேன்."

"அதே பித்தளதானே? ஒலையில வானவில்லு, பொறியில கோடு. அதுவும் எனக்கு வெளங்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோடா, தொடர்ச்சியா என்ற இதே கேள்வி வேறு வடிவத்தில் எனக்கு முன்பே வந்திருந்தது. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில் எதிரே உட்கார்ந்திருந்த விரிவுரையாளர் என்னிடம் கேட்டார்: குவாண்டம் இயக்கவியலில் ஆற்றல் தனித்தனி அளவுகளாகத்தான் இருக்குமா? ஆமாம் என்றேன். எப்போதுமா என்றார். எப்போதும் என்று உறுதியாகச் சொன்னேன். அவர் தாளில் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். நான் தேறிவிட்டேன். அவர் ஏன் இரண்டாவது தடவை கேட்டார் என்று யோசிக்கும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

அதோடு நிற்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல் மாடியில் சனிக்கிழமை தோறும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் வகுப்பு எடுக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் பல பிரிவுகள் வந்துபோய்விட்டன. எல்லாருக்கும் ஒரே வரியைச் சொல்லியிருக்கிறேன்: குவாண்டம் என்றால் படிக்கட்டு, ஆற்றல் படிப்படியாகத்தான் இருக்கும், நடுவில் நிற்க முடியாது. பிள்ளைகளுக்கு அந்த வரி பிடிக்கும். எனக்கும் பிடிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூச்சோங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய பாடநூலையும் வெள்ளைத் தாள்களையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் அத்தியாயக் கணக்கிலிருந்து தொடங்கினேன். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு எலக்ட்ரான். எலக்ட்ரான் அலைபோல நடந்துகொள்கிறது. சுவரில் அந்த அலை சுழியமாகிவிட வேண்டும். அப்படியென்றால் இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு வளைவு பொருந்தும், இரண்டு பொருந்தும், மூன்று பொருந்தும், ஒன்றேகால் பொருந்தாது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு ஆற்றல். அதனால் ஆற்றல் தனித்தனியாக நிற்கிறது. இதை நூறு தடவை கரும்பலகையில் போட்டிருக்கிறேன்.

இந்தத் தடவை பென்சிலால் வரைந்த சுவர்களில் ஒன்றை அழித்தேன். ஒரே ஒரு சுவர்தான் மிச்சம். மறுபக்கம் முடிவில்லாமல் திறந்து கிடந்தது. இப்போது அலை எங்கே போய்ப் பொருந்த வேண்டும்? எங்கேயும் இல்லை. என்ன நீளமும் இருக்கலாம். என்ன ஆற்றலும் இருக்கலாம். சமன்பாடு அதேதான்; குவாண்டம் அதேதான். படிகள் மட்டும் காணாமல் போய்விட்டன.

கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தேன். ஆற்றல் தனித்தனியாக நிற்பது குவாண்டத்தின் பொதுச் சட்டம் அல்ல. ஒன்று கட்டுண்டு கிடப்பதால் வருவது அது. அணுவுக்குள் அணுக்கருவின் ஈர்ப்பு எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் அங்கே படிகள். மேலே போகப் போகப் படிகள் நெருங்கி வருகின்றன. ஒரு எல்லையைத் தாண்டினால் எலக்ட்ரான் விடுபட்டுவிடுகிறது. அதற்கு மேல் எந்த ஆற்றலும் சாத்தியம். விரிவுரையாளர் இரண்டாம் தடவை கேட்டது இதைத்தான்.

பிறகு மின்பொறியை நினைத்தேன். அந்தச் சூட்டில் எத்தனையோ எலக்ட்ரான்கள் அணுக்களிலிருந்து பிய்ந்து சுதந்திரமாக ஓடுகின்றன. ஓடும் வழியில் ஓர் எலக்ட்ரான், எலக்ட்ரானை இழந்த அணுவான ஒரு அயனியின் அருகே வளைந்து போகும்போது கொஞ்சம் ஆற்றலை ஒளியாக இழக்கும்; எவ்வளவு என்று கட்டுப்பாடு இல்லை. வேறொன்று அயனியிடம் மாட்டிக்கொள்ளும். அது எந்த வேகத்தில் வந்தது என்பதைப் பொறுத்து ஒளியின் நிறம் மாறும். இப்படி எல்லா நிறமும் கலந்து கோடுகளுக்கு அடியில் இடைவெளி இல்லாத ஒரு தரை உண்டாகிறது. நான் கழித்துக்கொண்டிருந்தது அதுதான். எப்போதும் தனித்தனி என்று தேர்வில் அடித்துச் சொன்னவளின் திரையில், அப்படி இல்லை என்பதற்கான சாட்சி ஒவ்வொரு நாளும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் வெட்கமாக இருந்தது. அது போனதும் அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்த கணவரிடம் போய் முழுவதையும் சொன்னேன். அவர் கணக்காளர், பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நாளைக்கு மெஷின்ல அத கழிக்க மாட்டியா?"

"கழிப்பேன். ஆனா என்னத்த கழிக்கிறேன்னு தெரிஞ்சு கழிப்பேன்."

"அது போதும்லா" என்றார்.

திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் அண்ணனைத் தொழிற்சாலைக்குப் பின்னால் டீ விற்கும் ஒட்டுக்கடைக்குக் கூட்டிப்போனேன். ஒரு பழைய சோதனைத் தாளின் பின்பக்கத்தில் இரண்டு சுவர் வரைந்து, அலை வரைந்து, ஒரு சுவரை அடித்துக் காட்டினேன். எலக்ட்ரான் கட்டுப்பட்டிருந்தால் தனித்தனிக் கோடு, விடுபட்டால் தொடர்ச்சியான வெளிச்சம் என்று சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"சரி, அப்ப ஒலை? அங்க ஒண்ணும் பிச்சிக்கிட்டு ஓடலியே. சும்மா கொதிச்சிக்கிட்டுத்தானே கெடக்கு."

"பொறியில ஆவியான அணு ஒவ்வொண்ணும் தனியா கெடக்கு அண்ணே. அதனால அதோட படிகள் அப்படியே இருக்கும். ஒலையில கோடானுகோடி அணு ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்கிட்டு நிக்குது. பக்கத்துல இருக்கறதெல்லாம் சேந்து ஒவ்வொரு படியையும் கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழ தள்ளிரும். அவ்வளவு நெருக்கமாப் போனா இடைவெளியே தெரியாது. உலோகத்துல வெளிப்பக்க எலக்ட்ரான் எந்த அணுவோடதுன்னும் சொல்ல முடியாது, மொத்தமா அலையும். அதனாலதான் வானவில்லு."

"அப்ப அந்த வெளிச்சத்துல எது பித்தள, எது லெட்டுன்னு தெரியாது."

"தெரியாது. எவ்வளவு சூடுன்னு தெரியும். நீங்க அதத்தான் இத்தன வருஷமா பாக்குறீங்க. அதுல நீங்க சொல்றது சரி."

அவர் டீயை முழுவதும் குடித்து முடித்தார். குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"போன திங்கக்கிழம பழைய பித்தளச் சாமான் லோரி ஒண்ணு வந்துச்சு. எப்பவும் வர்ற ஆளு இல்ல, புது ஆளு. மாதிரி எடுத்து ஒன்கிட்ட குடுத்திருக்கணும். பாத்தா நல்ல சரக்கு மாதிரி இருந்துச்சு. நாந்தான் எறக்கச் சொன்னேன்."

சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார்.

அன்று மதியம் அந்த லோரி இறக்கிய குவியலில் இறங்கி, வெவ்வேறு விதமாகத் தெரிந்த ஐந்து துண்டுகளைப் பொறுக்கி, ஒரு வாளியில் போட்டு என் அறைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாக அடித்தேன். மூன்றாவது துண்டு, ஏதோ பழைய இயந்திரத்தின் பாகம், திரையில் வந்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது.

"இதானே?" என்று விரலை வைத்தார். சரியான முள்ளின் மேல் வைத்திருந்தார்.

அந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்கு அவரே போனார். நான் கூட வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, இனி எந்த லோரி வந்தாலும் நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் இறக்குவது என்று முடிவானதாகச் சொன்னார். எனக்கு வேலை கூடியது. எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த இறுக்கம் போய்விட்டது.

சில மாதங்கள் கழித்து இன்னொன்று நடந்தது. உலையின் வெப்பமானி சூடு இன்னும் போதவில்லை என்று காட்டியது. மேலாளர் காத்திருக்கச் சொன்னார். அண்ணன் உலையைப் பார்த்துவிட்டு, சூடு ஏற்கெனவே அதிகமாகிவிட்டது, தீயைக் குறைக்க வேண்டும் என்றார். மேலாளர் என்னைப் பார்த்தார். என் கருவிக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இதற்கு எனக்குப் பதில் தெரியும்.

"அந்த வெளிச்சத்தோட நிறம் சூட்டுக்குத் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமா மாறும். தினமும் பாக்குறவருக்கு வித்தியாசம் தெரியும். அவர் சொல்றத நம்பி வெப்பமானியச் சோதிச்சுப் பாருங்க" என்றேன்.

சாமான் அறையிலிருந்து கையால் முக்கிப் பார்க்கும் வெப்பமானியைக் கொண்டுவந்தார்கள். அண்ணன் சொன்னதுதான் சரி. உலையில் இருந்ததன் முனை அரித்துப் போயிருந்தது. மேலாளர் அவரிடம் மன்னிப்பு மாதிரி மலாயில் ஏதோ சொன்னார். அண்ணன் கையை வீசிவிட்டு, "பாத்தியா தங்கச்சி" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

வகுப்பு விஷயம் பாக்கி இருந்தது. பழைய மாணவர்களின் வாட்சப் குழுக்கள் என் கைப்பேசியில் அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே செய்தியைப் போட்டேன். குவாண்டம் என்றால் எப்போதும் படிக்கட்டு என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், அது தவறு, கட்டுண்ட நிலையில் மட்டும்தான் படிகள், விடுபட்ட நிலையில் ஆற்றல் தொடர்ச்சியானது, மன்னியுங்கள் என்று எழுதினேன். அனுப்பும் முன் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இந்த வகுப்புக்கு ஆள் வருவதே டீச்சர் தெளிவாகச் சொல்லிக்கொடுப்பார் என்ற பேச்சால்தான்.

முதலில் கைகூப்பும் படங்கள் வந்தன. பிறகு, இப்போது வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்கும் ஒரு பெண் எழுதினாள்: "தெரியும் டீச்சர். யூனிவர்சிட்டில மொத வருஷமே திருத்திட்டாங்க. உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு." அதற்குக் கீழே நான்கைந்து பேர் சிரிப்பு முகங்களைப் போட்டு, எங்களுக்கும்தான் என்று எழுதினார்கள். பூச்சோங்கில் என் சோபாவில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்த சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியில் பதினான்கு பேர் இருந்தார்கள். கீழே பூக்கடைக்காரர்களின் ஒலிபெருக்கி ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னலைச் சாத்தினேன். பலகையில் இரண்டு சுவர் வரைந்து படிகளைக் காட்டினேன். ஒரு சுவரை அழித்துத் தொடர்ச்சியைக் காட்டினேன். கடைசி வரிசையில், எப்போதும் பேசாத ஒரு பெண் கை தூக்கினாள்.

"டீச்சர், சுவர் இருக்கு, ஆனா ரொம்ப உயரமில்ல. குட்டையா இருக்கு. அப்ப என்னா ஆகும்?"

பலகையின் பக்கம் திரும்பி இரு பக்கமும் குட்டைச் சுவர் வரைந்தேன். அவற்றின் உச்சிக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்குக் கீழே சில படிகளைப் போட்டேன். கோட்டுக்கு மேலே, இடைவெளி இல்லாமல், சாக்குக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தேன்.

"ரெண்டுமே இருக்கும்" என்றேன்.